ஹைட்ரஜன் எஸ்யூவியா, பேட்டரி எஸ்யூவியா? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் எஸ்யூவியையும் பேட்டரியில் ஓடும் எஸ்யூவியையும் ஒப்பிட முற்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டின் விவரப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது அதிக தூரம் ஓடும், எது விரைவில் நிரம்பும் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த இரண்டு வரிகளை மட்டும் படித்தால் ஹைட்ரஜன் வண்டியே மேலானதாகத் தோன்றும். ஆனால் இவ்விரு வண்டிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டில் பெரும்பகுதி வண்டிக்கு வெளியே, அதாவது ஆற்றல் எங்கே உருவாகிறது, எவ்வழியாக உங்களிடம் வந்து சேருகிறது, வழியில் எவ்வளவு வீணாகிறது என்பதில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி, வண்டியைப் பார்ப்பதற்கு முன்பாக அதன் எரிபொருளைப் பார்க்கச் சொல்கிறது; படிகளின் வரிசையும் அதற்கேற்பவே அமைந்துள்ளது.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்

இரண்டுமே மின்சார வண்டிகள்தான். இரண்டிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். இரண்டும் சத்தமின்றி, கியர் மாற்றமின்றி, ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணமே இழுவை தருபவை. பேட்டரி எஸ்யூவியில் மின்சாரம் ஏற்கெனவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஹைட்ரஜன் எஸ்யூவியில் அது ஓடும்போதே தயாராகிறது: தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றிலிருந்து இழுக்கப்படும் ஆக்சிஜனுடன் பிளாட்டினம் பூசிய சவ்வுகளின் வழியே சேர்ந்து, மின்சாரத்தையும் வெப்பத்தையும் நீரையும் தருகிறது. ஒரு தனிக் கலம் பாரத்தின்கீழ் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் மட்டுமே தரும் என்பதால், நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கி ஒரு தொகுதியாக்குகிறார்கள்.

இந்தத் தொகுதியால் ஆக்ஸிலரேட்டரின் ஏற்ற இறக்கத்துக்கு உடனுக்குடன் ஈடுகொடுப்பது கடினம். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. எனவே எல்லா ஹைட்ரஜன் கார்களிலும் ஒரு சிறிய பேட்டரி கட்டாயம் இருக்கும். 2018இல் வந்த ஹூண்டாய் நெக்ஸோவை எடுத்துக்கொண்டால், 95 கிலோவாட் எரிபொருள் கலத் தொகுதி, 120 கிலோவாட் மோட்டார், 1.56 கிலோவாட் மணி (அதாவது 1.56 யூனிட்) பேட்டரி, 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 6 கிலோவுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன் கொள்ளும் மூன்று தொட்டிகள் என்று அமைந்திருந்தது. அதே நிறுவனத்தின் ஐயோனிக் 5 பேட்டரி வண்டியின் பெரிய வகை ஒன்றில் 77.4 கிலோவாட் மணி பேட்டரி இருந்தது. இந்த வழிகாட்டியில் இவ்விரண்டையும் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்; ஒரே நிறுவனம் இரண்டு வழிகளிலும் முயன்றிருப்பதால் ஒப்பீடு ஓரளவு நேர்மையாக அமையும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகையும் உண்டு. மெர்சிடிஸ் 2018இல் ஜிஎல்சி எஃப்-செல் என்ற வண்டியில் 13.5 கிலோவாட் மணி பேட்டரியையும் வீட்டில் சார்ஜ் செய்யும் வசதியையும் ஹைட்ரஜன் தொட்டியோடு சேர்த்துத் தந்தது. ஹோண்டா 2024இல் சிஆர்-வி வண்டியில் 17.7 கிலோவாட் மணி பேட்டரியோடு அதே வழியைப் பின்பற்றியது. அன்றாடச் சிறு பயணங்களை மின்சாரத்திலும் நெடும்பயணங்களை ஹைட்ரஜனிலும் ஓட்டலாம் என்பது இதன் நோக்கம். என் பார்வையில், ஹைட்ரஜன் காருக்கு ஓர் எதிர்காலம் இருக்குமானால் அது இந்தக் கலப்பு வடிவத்திலேயே இருக்கக்கூடும். ஆனால் நிலையம் இல்லாத ஊரில் இதுவும் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடும் மின்வண்டியாகச் சுருங்கிவிடும்.

படி 2: நிரப்பும் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள்

விலைப் பட்டியலைத் தொடுவதற்கு முன்பே இந்தப் படியை முடித்துவிடுங்கள். உங்கள் வீடு, வேலையிடம், ஆண்டில் சில முறையாவது செல்லும் தொலைதூர ஊர்கள் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்து, அவற்றைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் உள்ள ஹைட்ரஜன் நிலையங்களையும் வேக சார்ஜர்களையும் தனித்தனியே குறியுங்கள். உலக அளவில் பார்த்தால், 2024 இறுதியில் பொதுச் சார்ஜிங் முனைகளின் எண்ணிக்கை ஐம்பது இலட்சத்தைக் கடந்திருந்தது. ஹைட்ரஜன் நிலையங்களோ ஏறத்தாழ ஆயிரத்தைச் சுற்றியே இருந்தன, அவையும் சீனா, தென்கொரியா, ஜப்பான், ஜெர்மனி, கலிபோர்னியா போன்ற சில இடங்களில் குவிந்திருந்தன. இவற்றுக்கு வெளியே வசிப்பவருக்கு ஒப்பீடு பெரும்பாலும் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

ஹைட்ரஜன் நிலையத்தை வரைபடத்தில் குறிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முதலாவது, அது 700 பார் நிலையமா, 350 பார் நிலையமா? பேருந்துகளுக்காகவும் லாரிகளுக்காகவும் அமைக்கப்பட்ட 350 பார் நிலையத்தில் கார் தொட்டியை நிரப்பினால், முழுக் கொள்ளளவில் ஏறத்தாழ 60% மட்டுமே ஏறும். இரண்டாவது, கடந்த சில மாதங்களில் அது எத்தனை நாள் மூடிக் கிடந்தது? நிலையங்கள் உள்ள நாடுகள் பலவற்றில் அவற்றின் நேரடி நிலையைக் காட்டும் செயலிகள் உள்ளன. ஒருநாள் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் சில வாரங்கள் தொடர்ந்து கவனியுங்கள். மூன்றாவது, அந்த நிலையம் பழுதானால் அடுத்தது எங்கே? ஒரே ஒரு நிலையத்தை நம்பி ஹைட்ரஜன் வண்டி வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இது மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால் நடந்தவற்றைப் பாருங்கள். 2019 ஜூனில் நார்வேயின் ஓஸ்லோவுக்கு அருகில் உள்ள சாண்ட்விகாவில் உயரழுத்தத் தொட்டியின் அடைப்பான் சரியாகப் பொருத்தப்படாததால் கசிவு ஏற்பட்டு, ஒரு நிலையம் வெடித்தது. மற்ற நிலையங்களும் மூடப்பட்டன, கார் நிறுவனங்கள் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தின. அதே மாதம் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஒரு விநியோக மையத்தில் ஏற்பட்ட வெடிப்பால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடு நீடித்தது. 2023இல் டென்மார்க்கில் நிலையங்களை நடத்திய நிறுவனம் அவற்றை மூடுவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கான தனது ஹைட்ரஜன் நிலையங்களை நிரந்தரமாக மூடியது. இந்த நிகழ்வுகளில் வண்டிகளின்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் அவற்றின் உரிமையாளர்கள் வண்டியை நிறுத்திவைக்க நேர்ந்தது. மின்சார வலையமைப்பில் ஒரு சார்ஜர் பழுதானால் அருகில் இன்னொன்று இருக்கும். மிகவும் தேவைப்பட்டால் சாதாரணச் சுவர் சாக்கெட்டிலும் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். ஹைட்ரஜனுக்கு அப்படிப்பட்ட மாற்று வழி எதுவும் இல்லை.

பேட்டரி வண்டிக்கும் ஒரு கேள்வி உண்டு, அது எளிதானதன்று: இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின்னிணைப்பு கிடைக்குமா? சொந்த வாகன நிறுத்துமிடம் உள்ளவருக்கு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் நிரப்புமிடம் என்ற சிந்தனையே எழாது. தெருவில் நிறுத்துபவருக்கோ, குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி கிடைக்காதவருக்கோ நிலைமை வேறு. அவர் பொது சார்ஜர்களையே நம்பியிருக்க வேண்டும், அதற்குரிய நேரமும் கட்டணமும் அதிகம். ஹைட்ரஜன் வண்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுவே.

படி 3: நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுங்கள்

இந்தப் படிக்குக் கொஞ்சம் கணக்கு தேவை. ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் விளம்பர வாசகங்களில் பாதிக்கு மேல் தாமாகவே உதிர்ந்துவிடும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33.3 கிலோவாட் மணி, அதாவது 33.3 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எரிபொருள் கலம் அதில் பாதியையோ சற்று அதிகமாகவோ மின்சாரமாக மாற்றும். மீதி வெப்பமாகப் போகும். ஆக, ஒரு கிலோவிலிருந்து மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 17 அல்லது 18 யூனிட். நடுத்தர எஸ்யூவி ஒன்று நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ இவ்வளவுதான் தேவை என்பதால், "நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ" என்பது ஹைட்ரஜன் எஸ்யூவிகளுக்குப் பொருந்தும் எளிய அளவுகோல். அதே அளவுள்ள பேட்டரி எஸ்யூவி அன்றாட ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் வரை எடுக்கும். சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 22 யூனிட் பதிவாகும் என்று கொள்ளலாம்.

இனி அந்த ஒரு கிலோ ஹைட்ரஜனை மின்பகுப்பு முறையில் நீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பாருங்கள். மின்பகுப்புக் கருவிக்கு மட்டும் 50 முதல் 55 யூனிட் வேண்டும். பின்னர் அதை 700 பாருக்கும் மேல் அழுத்தி, நிரப்புவதற்கு முன் குளிர்விக்க மேலும் சில யூனிட்டுகள் தேவை. லாரியில் ஏற்றிச் செல்லும் செலவைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், நூறு கிலோமீட்டருக்கு 55 முதல் 60 யூனிட் ஆகிறது. ஒரே மின்னிலையத்திலிருந்து, ஒரே தூரத்துக்கு, ஹைட்ரஜன் வழி செல்லும்போது இரண்டரை மடங்குக்கு மேல் மின்சாரம் தேவைப்படுகிறது என்பது இதன் பொருள். திரவமாக்கிக் கொண்டுவரப்படும் ஹைட்ரஜனாக இருந்தால் கிலோவுக்கு இன்னும் பத்து யூனிட்டுக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் முன்னேறும்போது இந்த இடைவெளி குறையலாம். ஆனால் நீரைப் பிரித்து மீண்டும் நீராக்கும் சுற்றில் ஒவ்வொரு படியிலும் இழப்பு இருப்பதால் அது மறைந்துவிட வாய்ப்பில்லை.

செலவுக் கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது. உங்கள் பகுதியில் ஒரு கிலோ ஹைட்ரஜனின் விலையை எழுதுங்கள். நீங்கள் உண்மையில் செலுத்தப்போகும் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதி, அதை 22ஆல் பெருக்குங்கள். இரண்டில் எது சிறியதோ அதுவே மலிவான வண்டி. "உண்மையில் செலுத்தப்போகும்" என்பது முக்கியம்: வீட்டிலேயே முழுதும் சார்ஜ் செய்பவர் வீட்டுக் கட்டணத்தை எடுக்க வேண்டும், நெடுஞ்சாலை வேக சார்ஜர்களையே பயன்படுத்துபவர் அங்குள்ள கட்டணத்தை எடுக்க வேண்டும், அது பல இடங்களில் வீட்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். இரண்டையும் கலந்து பயன்படுத்துபவர் தன் விகிதப்படி சராசரி எடுக்கட்டும்.

ஹைட்ரஜன் விலை நிலையாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் 2021க்கும் 2023க்கும் இடையில் சில்லறை விலை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அங்கே டொயோட்டாவின் மிராய் என்ற ஹைட்ரஜன் காரை வாங்கியோருக்கு 15,000 டாலர் வரை எரிபொருள் அட்டை இலவசமாக வழங்கப்பட்டது. அது தீரும் வரை விலையேற்றம் யாருக்கும் உறைக்கவில்லை, தீர்ந்த பின்னரே உண்மைச் செலவு தெரிந்தது. இத்தகைய சலுகை உங்களுக்குக் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பீட்டைச் சலுகை இல்லாமலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

படி 4: புகையின் கணக்கை மூலத்திலிருந்து எடுங்கள்

"வால்குழாயில் தண்ணீர் மட்டுமே வரும்" என்ற வாசகம் பொய்யில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ நீர் உண்மையாகவே வெளிவருகிறது. ஆனால் உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவை நீராவியோடு சேர்த்துப் பிரிக்கும் முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும்.

இங்கே பலரும் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. நிலக்கரியை அதிகம் நம்பும், யூனிட்டுக்கு 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் மின்வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். பேட்டரி எஸ்யூவியின் 22 யூனிட்டுக்கு 15 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. எரிவாயுவிலிருந்து வந்த ஹைட்ரஜனில் ஓடும் எஸ்யூவிக்கு, அழுத்துவதற்கான மின்சாரத்தையும் சேர்த்து, 12 அல்லது 13 கிலோ வருகிறது. அதாவது அத்தகைய இடத்தில் எரிவாயு ஹைட்ரஜன் சற்றே முந்துகிறது. ஆனால் அதே மின்சாரத்தில் மின்பகுப்பு செய்த ஹைட்ரஜன் என்றால் 40 கிலோவைத் தொட்டுவிடும். அதைப் பசுமை எரிபொருள் என்று எவரேனும் விற்றால் மூலத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். மாறாக, நீர்மின்சாரமோ அணுமின்சாரமோ காற்றாலையோ மிகுந்து, யூனிட்டுக்கு 100 கிராம் மட்டுமே வெளியிடும் வலையமைப்பில் பேட்டரி வண்டிக்கு 2 கிலோவும், மின்பகுப்பு ஹைட்ரஜனுக்கு 6 கிலோவும், எரிவாயு ஹைட்ரஜனுக்கு 10 கிலோவும் ஆகும். மின்வலையமைப்பு ஆண்டுக்காண்டு தூய்மையாகி வரும் இடத்தில் பேட்டரி வண்டியின் கணக்கும் அதனோடு சேர்ந்து குறையும். எரிவாயு ஹைட்ரஜனின் கணக்கு அப்படியே நிற்கும்.

பெரிய பேட்டரியைத் தயாரிப்பதிலும் பல டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஹைட்ரஜன் வண்டியின் கார்பன் நாரிழைத் தொட்டிகளுக்கும் பிளாட்டினத்துக்கும் இதேபோன்ற சுமை உண்டு. ஆண்டுக்கு மிகக் குறைவாக ஓட்டுபவருக்கு இந்தத் தயாரிப்புச் சுமையே முதன்மையானது. அவர் எதை வாங்கினாலும் சிறிய பேட்டரி உள்ள வண்டியை வாங்குவது நல்லது.

படி 5: ஓடும் தூரத்தையும் நிரப்பும் நேரத்தையும் உங்கள் பயணத்தோடு பொருத்துங்கள்

2018 நெக்ஸோவின் அதிகாரப்பூர்வ தூரம், ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனைமுறையில், 666 கிலோமீட்டர். அன்று எந்த நடுத்தர பேட்டரி எஸ்யூவியும் அதை எட்டவில்லை. 2025இல் அறிமுகமான புதிய நெக்ஸோ 700 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் அதே ஆண்டு பிஎம்டபிள்யூ வெளியிட்ட புதிய ஐஎக்ஸ்3 பேட்டரி எஸ்யூவி அதே சோதனைமுறையில் 805 கிலோமீட்டர் வரை என்று அறிவிக்கப்பட்டது. இதே பிஎம்டபிள்யூ, 2023இல் ஐஎக்ஸ்5 ஹைட்ரஜன் என்ற முன்னோடி வண்டிகளை 504 கிலோமீட்டர் தூரத்தோடு ஓட்டிக் காட்டியது. தூரத்தில் ஹைட்ரஜனுக்கு இருந்த மறுக்க முடியாத முன்னிலை இன்று இல்லை.

நேரத்தில் முன்னிலை இன்னும் இருக்கிறது. நிலையம் நல்ல நிலையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பும். ஐயோனிக் 5 போன்ற 800 வோல்ட் பேட்டரி வண்டி, தகுந்த சார்ஜரில், 10% இலிருந்து 80% வரை ஏற 18 நிமிடம் ஆகும். சாதாரண 50 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வேகமாக ஏற்றும்போது வாயு சூடாகும். தொட்டியின் உள்வெப்பம் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் நிலையம் ஹைட்ரஜனை ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்தே அனுப்புகிறது. அடுத்தடுத்து நான்கைந்து கார்கள் வந்துவிட்டால் நிலையத்தின் அழுத்தம் மீளக் காத்திருக்க வேண்டும். ஈரக் காற்றில் நிரப்பும் முனை உறைந்து வண்டியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. எனவே நீங்கள் குறித்துவைத்த நிலையத்துக்கு, கூட்டமான நேரத்தில் நேரில் சென்று, கடிகாரத்தோடு நின்று பாருங்கள்.

வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு இந்த ஒப்பீட்டின் பொருளே மாறிவிடுகிறது. அவர் இணைப்பைப் பொருத்த ஒரு நிமிடமும் செலவிடுவதில்லை, மீதி நேரம் உறங்குகிறார். வழியில் நின்று சார்ஜ் செய்யும் நேரம் அவருக்கு நெடும்பயண நாட்களில் மட்டுமே கணக்கில் வரும். அத்தகைய நாட்கள் ஆண்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பலருக்கும் விரல் விட்டு எண்ணும் அளவே தேறும். நாள்தோறும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நிறுத்த நேரமில்லாத வாடகைக் கார் ஓட்டுநருக்கோ விற்பனைப் பிரதிநிதிக்கோ ஐந்து நிமிட நிரப்புதலின் மதிப்பு மிகப் பெரிது.

படி 6: உங்கள் தட்பவெப்பத்தையும் சாலையையும் கணக்கில் கொள்ளுங்கள்

கடுங்குளிரில் பேட்டரி எஸ்யூவியின் ஓடும் தூரம் கால் பங்கும் அதற்கு மேலும் குறையலாம். சார்ஜ் ஏறும் வேகமும் தளரும். குறைந்த மின்சாரத்தில் உட்புறத்தைச் சூடாக்கும் வெப்பப் பம்பும், சார்ஜருக்குச் செல்லும் முன் பேட்டரியைச் சூடாக்கும் வசதியும் உள்ள வகையைத் தேர்ந்தால் இழப்பு குறையும். எரிபொருள் கலத்தில் வீணாகும் வெப்பமே வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கப் பயன்படுவதால் ஹைட்ரஜன் வண்டி குளிரில் குறைவாகவே பாதிக்கப்படும்.

வெயில் மிகுந்த ஊர்களிலும் நீண்ட மலையேற்றத்திலும் நிலைமை திரும்பிவிடுகிறது. பெட்ரோல் என்ஜின் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகையோடு வெளியேற்றிவிடும். எரிபொருள் கலமோ 80 டிகிரியை ஒட்டி இயங்குவதால், கிட்டத்தட்ட எல்லா வெப்பத்தையும் ரேடியேட்டர் வழியாகவே கழிக்க வேண்டியிருக்கிறது. வெளிக்காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது அது கடினம். சிறிய பேட்டரி தீர்ந்த பிறகு, நெக்ஸோ போன்ற வண்டியில் தொடர்ந்து கிடைப்பது எரிபொருள் கலம் தரும் 95 கிலோவாட்டுக்குள்தான், அதிலும் ஒரு பகுதி காற்றை அழுத்தும் கருவிக்கே போய்விடும். இறக்கத்தில் இன்னொரு வேறுபாடு தெரியும்: இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் கீழிறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஐந்து யூனிட்டுக்கு மேல். பெரிய பேட்டரி அதில் கணிசமான பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒன்றரை யூனிட் பேட்டரி சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். மலைப்பகுதியில் வாழ்பவர் சோதனை ஓட்டத்தைச் சமதளத்தில் முடித்துக்கொள்ளக் கூடாது.

படி 7: இடமும் எடையும்

ஹைட்ரஜன் வண்டி இலகுவானது என்ற எண்ணம் கார் அளவில் பெரிதாக நிற்பதில்லை. 700 பார் தொட்டியின் எடையில் ஹைட்ரஜன் ஆறு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆறு கிலோ வாயுவுக்கு நூறு கிலோ தொட்டி வேண்டும். உருளைத் தொட்டிகள் இருக்கைக்கு அடியிலும் டிக்கிக்கு அடியிலும் இடம் பிடிக்கும். பேட்டரி தட்டையாகத் தரைக்கு அடியில் பரவிக்கிடப்பதால் பின்னிருக்கைத் தளம் சமமாக இருக்கும், பல வண்டிகளில் முன்புறத்திலும் ஒரு சிறு டிக்கி கிடைக்கும். நான்கு சக்கர இழுவை தேவைப்படுவோர் கவனிக்க: பேட்டரி எஸ்யூவிகளில் இரட்டை மோட்டார் வகை எளிதாகக் கிடைக்கிறது, நெக்ஸோ முன்சக்கர இழுவை மட்டுமே.

படி 8: பாதுகாப்பு

இரண்டு வகைகளுமே கடுமையான சோதனைகளைக் கடந்துதான் சாலைக்கு வருகின்றன. நெக்ஸோ 2018இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய கார் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆபத்துகளின் இயல்புதான் வேறு. ஹைட்ரஜனுக்கு மணமில்லை. சமையல் எரிவாயுவில் சேர்ப்பதுபோல் மணமூட்டியைச் சேர்க்கவும் இயலாது, அது எரிபொருள் கலத்தைக் கெடுத்துவிடும். காற்றில் 4% முதல் 75% வரை கலந்திருந்தால் தீப்பற்றும், சிறு பொறியே போதும். அதே வேளையில் அது காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது என்பதால் திறந்த வெளியில் மேலெழுந்து உடனே கலைந்துவிடும். ஆகவே கூரை மூடிய, காற்றோட்டமில்லாத இடமே கவலைக்குரியது. உங்கள் குடியிருப்பின் அடித்தள நிறுத்துமிடமும், நீங்கள் செல்லும் சுரங்கச் சாலைகளும் கப்பல் சேவைகளும் இத்தகைய வண்டியை அனுமதிக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

லித்தியம் பேட்டரியில் தீ அரிதாகவே நிகழும். நிகழ்ந்தால் அணைக்க நெடுநேரமும் மிகுந்த நீரும் தேவை, அணைந்த பின் மீண்டும் பற்றவும் கூடும். அடிப்பகுதியில் பலத்த அடி வாங்கிய வண்டியைச் சோதிக்காமல் வீட்டுக்குள் நிறுத்தக் கூடாது.

படி 9: முதுமையையும் மறுவிற்பனையையும் இப்போதே யோசியுங்கள்

பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், குறைந்தது 70% கொள்ளளவு என்பது பரவலான உத்தரவாதம். எரிபொருள் கலத்தின் ஆயுளை ஓடிய மணிநேரத்தில் அளப்பார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்கு வைத்த இலக்கு 8,000 மணிநேரம். அடிக்கடி நிறுத்திக் கிளப்புவதும் மாசுபட்ட காற்றும் தூய்மையற்ற ஹைட்ரஜனும் அதன் ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் சர்வதேசத் தரம் 99.97% தூய்மையைக் கோருகிறது. காற்று வடிகட்டி, மின்கடத்தாத தனிவகைக் குளிர்விப்பு நீர்மம் ஆகியவற்றை உரிய காலத்தில் மாற்றுவது இங்கே தட்டிக்கழிக்க முடியாத செலவு.

பலர் கவனிக்காத ஒரு வரி நிரப்பும் மூடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்: தொட்டியின் காலாவதித் தேதி. பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து 15 ஆண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு நிரப்பக் கூடாது. பழைய ஹைட்ரஜன் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மலிவாகக் கிடைப்பதற்கே காரணம் இருக்கிறது: இலவச எரிபொருள் அட்டை தீர்ந்த, நிலையங்கள் குறைந்துவரும் பகுதியில் இவ்வண்டிகளின் மறுவிற்பனை மதிப்பு மிக வேகமாகச் சரிந்திருக்கிறது. பழைய பேட்டரி வண்டியும் மதிப்பிழக்கும். ஆனால் மின்சாரம் உள்ள எந்த ஊரிலும் அதை ஓட்டலாம் என்பதால் அதற்கு வாங்குபவர் கிடைப்பார்.

படி 10: ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்க வேண்டியவை

மேற்கண்ட படிகளுக்குப் பிறகும் ஹைட்ரஜன் வண்டியே உங்களுக்குப் பொருந்துகிறது என்றால், அதாவது வீட்டில் மின்னிணைப்புக்கு வழியில்லை, தினசரி ஓட்டம் அதிகம், ஒன்றுக்கு மேற்பட்ட நம்பகமான 700 பார் நிலையங்கள் அருகில் உள்ளன என்றால், சொந்தமாக வாங்குவதைவிடக் குத்தகைக்கு எடுப்பதே பாதுகாப்பானது. அந்த ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: நிலையங்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் மூடியிருந்தால் மாற்று வண்டி தருவார்களா, எரிபொருள் சலுகை பணமதிப்பில் வரையறுக்கப்பட்டுள்ளதா, கிலோக் கணக்கிலா (விலை ஏறினால் பண வரம்பு விரைவில் தீரும்), எரிபொருள் கலத்தின் உத்தரவாதம் ஆண்டிலா, கிலோமீட்டரிலா, செயல்திறன் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், இந்த வண்டியைப் பழுதுபார்க்கத் தகுதிபெற்ற பட்டறை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

பேட்டரி வண்டிக்கான கேள்விகள் எளியவை. உத்தரவாதத்தில் கொள்ளளவு சதவீதம் எண்ணாகக் குறிக்கப்பட்டுள்ளதா, சேதமான பேட்டரியைப் பகுதி பகுதியாக மாற்ற முடியுமா, வண்டியின் சார்ஜிங் முனை உங்கள் பகுதியில் பெரும்பான்மையாக உள்ள வகையா, வீட்டு மின்னிணைப்பின் திறனை உயர்த்தும் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கையெழுத்திடும் முன் ஒரு வார இறுதிக்கு அந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான நெடும்பயணத்தைக் குடும்பத்தோடும் சுமையோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சார்ஜரில் எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம், மீட்டரில் எத்தனை யூனிட் என்று குறித்துக்கொண்டு, மூன்றாம் படியில் போட்ட கணக்கில் 22 என்ற எண்ணுக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்ணை இட்டு மறுபடி பெருக்குங்கள்.